தட்டிப் பார்ப்பவர்

தொண்டி கடைத்தெருவில் தர்பூசணி வண்டி வந்து நின்றால் எல்லோரும் விலை கேட்பார்கள். இவர் கேட்க மாட்டார். ஒரு பழத்தைக் காதோரம் தூக்கிப் பிடித்து, நடுவிரல் கணுவால் இரண்டு தட்டு தட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்குவார். வண்டிக்காரர் ஆறேழு பழம் வரை பொறுத்துக்கொள்வார். அதற்கு மேல், "பாய், அது பழம், கதவு இல்லை" என்பார்.

தட்டிப் பார்க்கிற புத்திக்கு இந்தக் கரையில் மரியாதை உண்டு. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியவரும், வயிற்றை அமுக்கிப் பார்க்காமல் நண்டு வாங்கியவரும் வீட்டுக்குள் தலை நிமிர்ந்து போக முடியாது. பழைய பைபர் படகை விலைக்குப் பார்க்கிறவர் ஒரு காசை எடுத்துப் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே நடக்கலாம். டக் டக் என்று வந்துகொண்டிருக்கும் சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று மொத்தையானால், அங்கே நாரும் பிசினும் ஒட்டு விட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். விமானத்தின் இறக்கையைச் சோதிப்பவர்களும் இதையே செய்கிறார்கள். அவர்கள் கையில் காசுக்குப் பதில் குட்டிச் சுத்தியல் இருக்கும்.

நம்மவர் இந்த வித்தையைக் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருமுன் நாலு காலையும் ஆட்டிப் பார்ப்பார். புதுச்செருப்பைக் காலில் போடுமுன் மடக்கிப் பார்ப்பார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் டீ கிளாஸைச் சுண்டிப் பார்த்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுக்கிறார். சுண்டியது பிஸ்கட் வைத்திருந்த தட்டைத்தானாம்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கோல்ப் டிரைவர் கிடைத்தால் என்ன ஆகும்?

வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் திரும்பியவரை இந்தப் பக்கம் சபுராளி என்பார்கள். இவரும் சபுராளிதான். இருபது வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில் ஒரு கோல்ப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டினார். அந்தக் கதையை ஆரம்பித்தால் முதலில் ஜூரோங் கன்ட்ரி கிளப் வரும். கோலாலம்பூருக்கு அதிவேக ரயில் விடப் போகிறோம் என்று அந்த நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள, 2016 கடைசியோடு கிளப்பை மூடினார்கள். 2020 கடைசியில் ரயில் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். நம்மவர் வேலை பார்த்தது அந்தக் கிளப்பில் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் அவரால் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது.

அக்கா மகன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். பணக்கார ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் புது மாடல் வாங்குவார்கள், பழசு கைமாறும். அப்படிக் கைமாறி, லுங்கியில் சுற்றி, திருச்சி விமானத்தின் வயிற்றுக்குள் ஏறி (கோல்ப் மட்டையைக் கையோடு உள்ளே விட மாட்டார்கள்) தொண்டிக்கு வந்து சேர்கிறது டிரைவர். புதுசு என்றால் நம் காசுக்கு அரை லட்சத்தைத் தாண்டும். பழசின் விலை எவ்வளவு என்பது மாமனுக்கும் மருமகனுக்கும் மட்டும் தெரியும். வீட்டில் சொன்ன தொகையில் ஒரு சைபர் திருச்சியிலேயே இறங்கிக்கொண்டது.

"டிரைவர் வந்துருச்சு" என்று டீக்கடையில் சொன்னபோது, "வண்டி எப்ப பாய் வாங்குனீங்க?" என்றுதான் கேட்டார்கள். முதல் அடியில் பந்தை வெகுதூரம் விரட்டுகிற நீளக் கம்புக்கு டிரைவர் என்று பேர் என்பதை அவர் விளக்கி முடிப்பதற்குள் இரண்டு டீ ஆறிப்போனது.

விதிப்படி ஓர் ஆட்டக்காரர் தன் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். நம்மவரிடம் மூன்று இருக்கின்றன, மூன்றும் டிரைவர். பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளுகிற பட்டர் கிடையாது. தொண்டியில் குழியும் கிடையாது. பழைய பெருமையுள்ள மைதானம் ஒன்றைப் பார்க்கக் குடும்பத்தோடு கொடைக்கானல் போனார். 1895இல் தொடங்கிய கிளப் அது. புல்தரையில் காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எருமையையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெட்டு சரியில்லை" என்று சொல்லித் திரும்பினார்.

முதல் சோதனை அழகு. ஆட்டக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்வதுண்டு: மட்டையைத் தரையில் ஊன்றி, பந்தை அடிக்க நிற்பதுபோல் நின்று, மேலிருந்து கீழே பார்ப்பார்கள். மட்டையின் முகம் ஒரு நூல் இடப்பக்கம் திரும்பித் தெரிந்தாலும் சிலருக்கு மனசு ஒட்டாது. நம்மவர் இதைத் திண்ணையில் காலை, மதியம், டியூப்லைட் வெளிச்சம் என மூன்று வேளையும் செய்து பார்த்தார். எண்பது வயதைத் தாண்டிய அவர் தாயார் ஒரே பார்வையில் முடிவு சொல்லிவிட்டார்: "களி கிண்டுற துடுப்புக்கு எதுக்குடா உறை?"

தாயார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இன்றைய டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அரை லிட்டர் சொம்புக்குக் கொஞ்சம்தான் குறைவு. முன்பு அது முஷ்டியளவு மரக்கட்டை. அமெரிக்காவின் பெர்சிமன் மரத்தில் கடைந்து அரக்குப் பூசுவார்கள். அந்தப் பெர்சிமனும் எபனி என்கிற நம் கருங்காலியும் தாவரவியலில் ஒரே பேரினம், டயோஸ்பைரஸ். கருங்காலி மாலை போட்டால் எல்லாம் நேராகும் என்று சொல்லி விற்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் பங்காளி மரத்தால் அடித்தும் பந்து நேராகப் போகவில்லை என்பதையும் மாலை வாங்குகிறவர்கள் யோசிக்கலாம்.

1979இல் டெய்லர்மேட் நிறுவனம் மரத்துக்குப் பதில் உலோகத் தலையோடு வந்தது. 1991இல் காலவே நிறுவனம் கொண்டுவந்த டிரைவருக்கு 'பிக் பெர்த்தா' என்று பேர். முதல் உலகப்போரில் ஜெர்மானியர் வைத்திருந்த ராட்சத பீரங்கியின் பேர் அது. அதே போரில் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல்தான் எம்டன். நாம் அதைக் கோபக்கார அப்பாக்களுக்கும் கெட்டிக்கார ஆசாமிகளுக்கும் பட்டப்பெயராக வைத்துக்கொண்டோம். அவர்கள் பீரங்கியை மட்டைக்கு வைத்துக்கொண்டார்கள். வந்த புதிதில் பூதம்போலத் தெரிந்த பெர்த்தாவின் தலை 200 கன சென்டிமீட்டரைக்கூடத் தொடவில்லை. இன்றைய தலைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் நோஞ்சான்.

இரண்டாவது சோதனை, பிடி. மொத்த மட்டையும் 300 கிராம் சொச்சம்தான், ஒரு நல்ல நண்டின் எடை. தூக்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் "வெயிட்டே இல்லையே" என்று ஏமாந்து திருப்பிக் கொடுத்தார்கள். தண்டு எவ்வளவு வளையும் என்பதற்கு எழுத்துகள் உண்டு: ஆர், எஸ், எக்ஸ். எக்ஸ் என்றால் கூடுதல் விறைப்பு. அசுர வேகத்தில் வீசுகிறவர்களுக்கு. வயதானவர்களுக்கு இன்னும் இளக்கமான தண்டு தனியாக விற்கிறது. நம்மவருக்கு அறுபத்திரண்டு வயது. தேர்ந்தெடுத்தது எக்ஸ். கேட்டால், "சிலம்பம் சுத்துன கை" என்கிறார். சுற்றியது எட்டாம் வகுப்பில்.

தலையையும் தண்டையும் இணைக்கும் இடத்தில் ஒரு திருகு இருக்கிறது. கூடவே வரும் குட்டி ஸ்பேனரால் அதைத் திருகி முகத்தின் சாய்வைக் கூட்டலாம், குறைக்கலாம். போதுமான இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். இந்த டிக் சத்தம் நம்மவருக்குப் பிடித்துப்போனது. சாயங்காலத் தொழுகை முடிந்து வந்தால் திண்ணையில் டிக். சோறு எடுத்து வைக்கும்போது டிக். "பந்தை அடிச்ச மாதிரியே தெரியலையே, கழட்டி மாட்டுற சத்தம்தானே கேக்குது" என்பது உள்ளேயிருந்து வரும் விமரிசனம்.

மூன்றாவதுதான் அவருடைய சொந்தத் துறை: ஓசை. மட்டையின் தலையைக் காதோரம் வைத்துக் கணுவால் தட்டினார். முகம் மாறியது. இன்னொரு தட்டு. "மாப்ளே, ஏமாத்திட்டானுக. உள்ளே ஒட்டு விட்டுப்போச்சு."

விட்டுப்போகவில்லை. பல புது டிரைவர்களின் உச்சி கார்பன் நாரால் ஆனது. 2022இல் வந்த டெய்லர்மேட் 'ஸ்டெல்த்' என்கிற டிரைவரில் பந்தைத் தொடுகிற முகமே 60 அடுக்குக் கார்பன். சிவப்புச் சாயம் வேறு. டைட்டானியம் கணீரென்று ஒலித்தால் கார்பன் தொக்கென்று ஒலிக்கும். பைபர் படகில் ஒட்டு விட்டதைக் காட்டிக்கொடுக்கிற அதே மொத்தைச் சத்தம் இங்கே விலையைக் கூட்டுகிறது. இதை மருமகன் போனில் விளக்கியும் அவர் சமாதானமாகவில்லை.

அவர் சண்டை போடும் விஷயம் அற்பமானதும் இல்லை. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கைக்கு அது எட்டி மூளை புரிந்துகொள்வதற்குள் பந்து போய்விட்டது. ஆட்டக்காரர்கள் 'நல்ல உணர்வு' என்று சொல்வதில் பெரும்பங்கு காதில் விழுந்ததுதான் என்று இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள் 2005இல் எழுதினார்கள். அதனால்தான் நிறுவனங்கள் தலைக்குள்ளே மெல்லிய விலா எலும்புகள் போலக் கம்பிமுகடுகள் வார்த்துச் சத்தத்துக்குச் சுருதி கூட்டுகின்றன. சுருதி மிஞ்சினாலும் ஆபத்து: மெல்லிய முகமுள்ள டைட்டானியம் டிரைவரால் வாரம் மூன்று முறை, ஒன்றரை வருஷம் ஆடிய ஒருவருக்குக் காது மந்தமானதைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2008 கடைசியில் ஒரு கட்டுரையே வந்தது.

கடைசிச் சோதனை, தூரம். நிறுவனங்கள் இதற்கு இயந்திரம் வைத்திருக்கின்றன. பைரன் நெல்சன் என்ற பழைய சாம்பியனின் வீச்சைப் பார்த்துச் செய்த 'அயர்ன் பைரன்' அதில் பிரசித்தம். ஒரே அடியை நாளெல்லாம் அடிக்கும். நம்மவருக்கு வைகாசி மாசத்துக் கண்மாய் இருக்கிறது.

கடற்கரையில் முதலில் முயன்றார். அலையடிக்காத கடல், முழங்கால் தண்ணீரிலேயே நெடுந்தூரம் நடக்கலாம். ஆனாலும் சேற்றில் விழுந்த பந்து விழுந்ததுதான். கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தால் கல்போலத் தரை, கண்ணுக்கெட்டும் வரை வெளி. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். அகலத்தைப் பார்த்து நாரையே மலைத்துவிடுமாம். நம்மவர் போனது அவ்வளவு பெரியதற்கு இல்லை. அவர் பந்து நாரையும் இல்லை.

பந்தைத் தூக்கி வைக்கிற டீ என்ற சின்ன ஆப்பு தொலைந்துபோயிருந்தது. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, மண்ணைக் குழைத்து, மூன்று விரலால் கிள்ளி ஒரு கூம்பு பிடித்து அதன்மேல் பந்தை வைத்தார். தெரியாமலே ஒரு பழைய சம்பிரதாயத்தைச் செய்துவிட்டார். பாஸ்டன் பல் டாக்டர் ஜார்ஜ் கிராண்ட் 1899இல் மர டீக்குக் காப்புரிமை வாங்கிய காலத்தில் உலகமே ஈர மணலைக் கிள்ளி வைத்துத்தான் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு பையிலிருந்து வீட்டம்மாவின் பவுடர் டப்பா வெளியே வந்தது. மட்டையின் முகத்தில் பவுடரைப் பூசினால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். நடுவில் பட்டால் முழுத் தூரம். ஓரத்தில் பட்டால் தூரம் குறையும், பந்து கோணும். ஆட்டுக்காரப் பையன் ஒருவன் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடுகள் ஒதுங்கி நின்றன.

வீசினார். தொக். பந்து வலப்பக்கம் ஒரு தாழ்ந்த வில்லாகப் போய் விழுந்து, வெடித்த மண்ணில் குதித்துக் குதித்து, நிற்க மனமில்லாமல் உருண்டுகொண்டே போய்ச் சீமைக்கருவேலம் புதருக்குள் நுழைந்தது.

தப்படி வைத்து அளந்தார். தப்படிக்கு ஒரு யார்டு கணக்கு. 278! அமெரிக்காவின் பெரிய தொழில்முறைக்காரர்களின் சராசரியே 300ஐ ஒட்டித்தான். பறந்தது பாதி, கண்மாய் உருட்டியது மீதி என்பதையும், அவருடைய தப்படி யார்டை எட்டாது என்பதையும் பையன் எப்படிச் சொல்வான்? அவன் மட்டையின் முகத்தைப் பார்த்தான். பவுடர் நடுவில் அப்படியே அலுங்காமல் இருந்தது. தண்டு சேருகிற விளிம்பில் ஒரு பிறை மட்டும் விழுந்திருந்தது.

"இந்த ஓரத்துல பட்டிருக்கு மாமா."

"ஓரத்துல பட்டே இவ்வளவு போயிருக்கு பாத்தியா!"

முள்ளை விலக்கிப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மருமகன் சிங்கப்பூரில் ஏதோ கடையில் நின்றுகொண்டிருந்தான். இந்த வருஷ மாடல் வந்துவிட்டதாம். முகம் வேறு, எடை வைத்த இடம் வேறு, ஓரத்தில் பட்டாலும் நேராகப் போகுமாம். மாமன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ளே. போனைப் பக்கத்துல வச்சு ஒரு தட்டு தட்டிக் காட்டு."

அங்கே தட்டினான். இங்கே கருவேலம் புதரோரம் ஒரு கையில் பவுடர் டப்பாவும் காதில் போனுமாக அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆடு ஒன்று கத்தியது. பையனைப் பார்த்து அதட்டச் சொல்லிச் சைகை காட்டினார்.

"இளசா இருக்கே. அடுத்ததைத் தட்டு."