மூன்றில் ஒன்று செத்தாலும் ஓடும் இயந்திரம்

(பழைய டர்பைன்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பற்றிச் சென்ற முறை எழுதியதற்கு வந்த கேள்விகளே இம்முறை முழுவதும். கல்கிசையிலிருந்து பதில்கள்.)

கே: களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் உள்ள சின்ன டர்பைன்களை நாற்பது வருடமாக ஏன் கட்டிக் காத்தார்கள்? ஓடியதை விட நின்ற நாட்கள்தானே அதிகம்?
*— வாசகர், கொட்டாஞ்சேனை*

ப: நிற்பதற்கும் ஒரு பெறுமதி உண்டு. 1981, 82இல் வந்த 20 மெகாவாட் ஃப்ரேம் 5 இயந்திரங்கள் அவை. டீசலில் ஓடின, அதனால் யூனிட் விலை கையைச் சுட்டது. உச்ச நேரத்துக்கும் ஆபத்து அந்தரத்துக்கும்தான் அவற்றைக் கூப்பிட்டார்கள். ஆனால் ஃப்ரேம் 5 வகையை ஒரு டீசல் எஞ்சினும் பேட்டரிகளும் இருந்தால், வெளி மின்சாரமே இல்லாமல் எழுப்பும்படி அமைக்கலாம். 2020 ஆகஸ்ட் 17இல் நாடு முழுவதும் இருண்டபோது நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் திரும்பிவர நாட்கள் எடுத்தன. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்த அன்றும் நுரைச்சோலை நின்றது. அடுத்தடுத்த நாட்களில் மின்வெட்டு. பெரியது படுத்தால் சின்னது எழும்ப வேண்டும். வருடத்தில் சில நாள் மட்டும் ஓடும் இயந்திரத்துக்குத்தான் நம்பக்கூடிய உதிரிப்பாகம் அதிகம் தேவை. நாள்தோறும் ஓடுவது தன் நோயைத் தானே காட்டிவிடும், நிற்பது காட்டாது.

கே: இரும்பு பழுதாகிறதா, மூளை பழுதாகிறதா?
*— மாணவர், மொரட்டுவை*

ப: மூளை, தம்பி. ஃப்ரேம் 5 உலகெங்கும் ஆயிரக்கணக்கில் ஓடியது. பிளேடும் பேரிங்கும் இன்றும் செய்வார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதை வேறு. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஸ்பீட்ட்ரோனிக் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் மார்க் 2, எண்பதுகளில் மைக்ரோபுரோசசருடன் மார்க் 4, 1991இல் மார்க் 5, தொண்ணூறுகளின் கடைசியில் மார்க் 6, பிறகு அதற்கும் மேல் ஒன்று. ஒரு டர்பைனின் ஆயுளுக்குள் நான்கைந்து மூளைத் தலைமுறை கழிந்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, இரத்மலானை ரயில் வேலைத்தளத்தைப் பாருங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2 ரயில் எஞ்சின்கள் எழுபது வருடம் தாண்டியும் இழுத்தன. காரணம் எளியது: ரிலே, கொன்டக்டர், கண்ணால் பார்த்துக் கையால் திருத்தக்கூடிய பாகங்கள். அதன் உள்ளே இருக்கும் டீசல் எஞ்சினுக்குப் பின் வந்த 645 வரிசையின் சிலிண்டர் தொகுதிகூட அதில் பொருந்தும். டர்பைன் கார்டுக்கு அப்படி வசதி இல்லை. அதிலுள்ள சிப்பை உற்பத்தி செய்தவர் நிறுத்தினால், கார்டும் அன்றே முதுமை அடைகிறது.

கே: எங்கள் ஆலையில் மார்க் 5. மூன்று கணிப்பொறி இருப்பதால் பயமில்லை என்கிறார் மேலாளர். சரியா?
*— பொறியியலாளர், பேலியகொடை*

ப: பாதி சரி, பாதி ஆபத்து. ஆர், எஸ், டி என்று மூன்று மூளைகள். மூன்றில் இரண்டு சொல்வதே முடிவு. ஒன்று செத்தாலும் டர்பைன் ஓடும். அங்கேதான் சறுக்கல். திரையில் ஒரு எச்சரிக்கை நாள் முழுக்க நிற்கும். ஒரு கிழமையில் கண்ணுக்குப் பழகிவிடும். ஒரு மாதத்தில் யாரும் வாசிப்பதில்லை. பிறகு இரண்டாவது செத்ததும் இயந்திரம் ட்ரிப். அன்றைக்கு ஸ்டோர்ஸுக்கு ஓடினால், மூன்று வருடத்துக்கு முன் யாரோ கழற்றி வைத்த பழுதான கார்டே 'ஸ்பேர்' என்ற சீட்டோடு இருக்கும்.

மேலாளரிடம் சொல்லுங்கள்: மூன்றாவது மூளை காப்பு, உதிரி அல்ல. எச்சரிக்கை வந்த கிழமைக்குள் கார்டை மாற்ற வேண்டும்.

இன்னொன்று. மார்க் 5 கார்டின் இலக்கம் டிஎஸ்200 என்றும், மார்க் 6இனுடையது ஐஎஸ்200 என்றும் தொடங்கும். அதோடு நிறுத்தி வாங்காதீர்கள். ஜி1, ஜி2 என்ற குழு, கடைசியில் வரும் திருத்த எழுத்துகள், உள்ளே இருக்கும் புரோகிராம் சிப், சின்ன ஜம்பர்கள் எந்த ஊசியில் நிற்கின்றன என்பது, நான்கும் பொருந்த வேண்டும். பழைய கார்டைக் கழற்றுமுன் ஜம்பர்களைப் படம் எடுத்து, அந்தப் படத்தை ஸ்டோர்ஸ் பதிவேட்டிலேயே ஒட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பெட்டியின் முன் நிற்பவருக்கு அந்தப் படம் ஒன்றே போதும்.

கே: பன்னிரண்டு வருடமாக நகராத பொருள் என்று ஏலத்தில் விடச் சொல்கிறார் கணக்காய்வாளர். என்ன பதில் சொல்வது?
*— களஞ்சியப் பொறுப்பாளர்*

ப: நகர்ந்தால்தான் கவலைப்பட வேண்டிய பொருள் அது. ஒவ்வொரு கார்டுக்கும் எதிரே இரண்டு வரி எழுதிக் காட்டுங்கள்: இது இல்லாவிட்டால் எந்த இயந்திரம் நிற்கும், புதிதாகத் தேடினால் எத்தனை கிழமை ஆகும். விற்பனைக் கடைக்கு நகர்வு முக்கியம். மின்நிலையத்துக்கு விளைவு முக்கியம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியதும், இறக்குமதிக்கு ஒரு நாணயக் கடிதம் (எல்.சி.) திறக்க எவ்வளவு அல்லற்பட்டோம் என்று நினைவூட்டுங்கள். அன்றைக்கு அலுமாரியில் இருந்ததே கையிருப்பு.

ஆனால் உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. வைத்திருப்பது வேலை செய்யும் பொருளா என்று காட்ட வேண்டும். மின்னழுத்தம் தரும் கார்டுகளில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் அலுமாரியில் கிடந்தே கெடும். பல வருடம் கிடந்ததை நேராக முழு மின்னழுத்தத்தில் போட்டால் வெடிக்கவும் கூடும்; படிப்படியாக ஏற்றி எழுப்ப வேண்டும். இயந்திரம் பராமரிப்புக்கு நிற்கும்போது ஸ்பேரைப் போட்டு ஓட்டிப் பார்த்துத் திகதி எழுதுங்கள். சோதிக்காத ஸ்பேரை இருப்பில் எண்ண வேண்டாம்.

கே: கடற்கரைப் பக்கம் ஸ்டோர்ஸ். விசேஷமாக என்ன செய்யலாம்?
*— வாசகி, தெஹிவளை*

ப: உப்புக் காற்று செம்பைத் தின்னும், பிள்ளை. நிலை மின்னேற்றத்திலிருந்து காக்கும் பளபளப்புப் பை, உள்ளே சிலிக்கா ஜெல், குளிரூட்டிய அறை. பத்திரிகைத் தாளில் சுற்றவே வேண்டாம்.

கே: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போன் போர்டையே திருத்துகிறார்கள். டர்பைன் கார்டைக் கொடுக்கலாமா?
*— வாசகர், வெள்ளவத்தை*

ப: அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். கப்பாசிட்டர், ரிலே, கனெக்டர், காய்ந்த ஈயப் பற்றவைப்பு இவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதே அளவு, அதே தரப் பாகம் போட வேண்டும். ஆனால் அதிவேகத்தைத் தடுக்கும் பாதுகாப்புக் கார்டைக் கொடுக்காதீர்கள். ஃப்ரேம் 5 தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5100 சுற்று சுற்றுகிறது. அதை அளவுக்கு மீறினால் நிறுத்தும் கை அந்தக் கார்ட். சோதனை ரேக்கில் போட்டு அறிக்கை தருபவரிடமே அதற்குப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து பழைய கார்ட் வாங்குவோருக்கும் இதே பேச்சு. மூடிய ஆலைகளில் கழற்றியவை சந்தைக்கு வருகின்றன, நல்லதும் உண்டு. மேற்பரப்பைச் சுரண்டி வேறு இலக்கம் அச்சிட்ட சிப்பும் உண்டு. அசற்றோன் தொட்டுத் துடைத்தால் எழுத்து அழிகிறதா பாருங்கள்.

கே: எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புது சிஸ்டம் போட்டால் தொல்லை தீருமா?
*— மாணவி, மொரட்டுவை*

ப: பணம் இருந்து, டர்பைனுக்கு இன்னும் பதினைந்து வருட வேலை இருந்தால் போடுங்கள். கழற்றிய பழைய கார்டுகளை அடுத்த ஆலைக்குக் கொடுங்கள். புதியதும் பழையதாகும், அதன் மென்பொருளும், அதை ஓட்டும் மடிக்கணினியும் முதலில் பழையதாகும். சீரியல் போர்ட் உள்ள ஒரு மடிக்கணினி, வட்டு முழுவதன் நகல், உரிமச் சாவி, மூன்றையும் கார்டுகளோடு ஒரே அலுமாரியில் பூட்டுங்கள்.

கே: முப்பது வருடம் மின்நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பழைய குறிப்புப் புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. பழைய பேப்பர்காரனுக்குப் போடவா?
*— வெள்ளவத்தை*

ப: வேண்டாம் ஐயா. உற்பத்தியாளரின் கையேட்டில் இயந்திரம் வந்த நாளின் நிலைமைதான் இருக்கும். எந்த வயரை எப்போது மாற்றினீர்கள், எந்த சென்சர் மழைக்காலத்தில் பொய் சொல்லும், எந்தக் கார்டுக்கு எது பதிலாகப் பொருந்தியது என்பது உங்கள் கையெழுத்தில் மட்டும் இருக்கிறது. இந்தக் கிழமையே பிரதி எடுத்து, வேலை செய்த நிலையத்துப் பொறியியலாளர் கையில் கொடுங்கள். முடிந்தால் ஒரு முற்பகல் பக்கத்தில் இருந்து வாசித்தும் காட்டுங்கள். இப்படி வீட்டில் புத்தகம் வைத்திருக்கும் மற்றவர்களும் இதையே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.