எம்ஜின்னு வாயத் தொறக்காதே மாப்ளே

வண்டி வாங்கின அன்னைக்கு ஊரையே கூப்புட்டுப் பூசணிக்கா உடைச்சே. சரி. இப்ப ஒரு வருசமா அது தார்ப்பாய்க்குள்ள தூங்குது. கோழி அதுக்கடியில போயி முட்டை வெக்குதுன்னு உங்கத்தை மட்டுந்தான் சந்தோசமா இருக்கறா. "எம்ஜி மேக்னெட், இசட்பி, 1957 மாடல்"னு நீ சொல்றப்ப எனக்கே நெஞ்சு நிமிருது மாப்ளே. ஓடுதான்னு கேட்டாத்தான் நீ வானத்தப் பாக்கறே.

பார்ட்ஸ் கெடைக்கலீங்கறே. எங்க போயித் தேடுனே? எம்ஜின்னு போர்டு போட்ட புது ஷோரூமுக்குப் போனியாமா. டை கட்டின பையன் மரியாதையா எந்திரிச்சு, "ஹெக்டருங்களா சார், ஆஸ்டருங்களா?"ன்னு கேட்டானாம். நீ இங்கிலாந்துல ஆபிங்டன்ல செஞ்ச வண்டியோட பூர்வோத்தரத்தச் சொல்லச் சொல்ல, அந்தக் கொழந்தை பாவம் கம்ப்யூட்டர்லயே தேடிப் பாத்துப்போட்டு, ஒரு தண்ணி பாட்டில் குடுத்து வழியனுப்பி வெச்சானாம். அவனச் சொல்லிக் குத்தமில்ல. அந்தப் பேரு இங்கிலீஷ்காரன் கையவுட்டுச் சீனாக்காரன் கைக்குப் போயி ரொம்ப நாளாச்சு. மூக்குல இருக்கற எட்டுப்பட்டை முத்திரை ஒண்ணுதான் ரெண்டுக்கும் பொது.

நான் சொல்றதக் கேளு. ஒரு ஆளு எங்கயோ தொலைஞ்சு போனா என்ன பண்றோம்? அவம்பேரச் சொல்லித் தெருத்தெருவாக் கத்தறமா? ஒறம்பரை எங்கெங்க இருக்கறாங்கன்னு விசாரிக்கறமல்ல. வண்டிக்கும் அதுதான். 1952-ல ஆஸ்டினும் மோரிஸும் பழைய பகைய மறந்து சம்பந்தி ஆனாங்க. பிஎம்சின்னு ஒரே குடும்பம். அதுக்கப்புறம் பி-சீரிஸ்ங்கற ஒரே எஞ்சின் 1489 சிசி அளவுல ஆஸ்டின் கேம்பிரிட்ஜ்லயும் போச்சு, மோரிஸ் ஆக்ஸ்போர்டுலயும் போச்சு, உன்ற மேக்னெட்லயும் உக்காந்துச்சு. அந்த ஆக்ஸ்போர்டத்தான் கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவுல அம்பாசிடர்னு பேரு மாத்திப் பெத்து வளத்தாங்க. 2014 வரைக்கும் பெத்தாங்க. நீ கண்ணாடி போட்டுக்கிட்டுப் பெருமையா நிக்கறியே, அந்த எம்ஜி நம்ம பஸ் ஸ்டாண்டு டாக்சிக்குப் பெரியப்பன் மவன். சொன்னா உனக்குக் கசக்கும்.

அதனால கடைக்குப் போனா எம்ஜின்னு வாயத் தொறக்காதே. எம்ஜின்னு சொன்னவொடனே கடைக்காரன் உன்ற மோதிரத்தப் பாப்பான், வாட்ச்சப் பாப்பான், அப்புறந்தான் வெலையச் சொல்லுவான். கைய லேசாக் கரியாக்கிக்கோ. "அண்ணா, பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு ரிங் செட்டு, 1489 சிசி"ன்னு கேளு. பழைய பெட்ரோல்ங்கறத அழுத்திச் சொல்லு. பின்னாடி வந்த அம்பாசிடர்ல ஜப்பான் இசுசு எஞ்சினப் போட்டுட்டாங்க. அது வேற சாதி, ஒட்டாது. உன்றதுக்கு சிலிண்டர் உள்வட்டம் 73.025 மில்லி, ஸ்ட்ரோக் 88.9. இத ஒரு சீட்டுல எழுதி அங்கராக்குப் பையில வெச்சுக்கோ. ஏற்கனவே ஓவர்சைஸ் தட்டியிருந்தா உள்வட்டம் கூடியிருக்கும். எஞ்சினத் தொறந்து அளக்காம மெட்ராசு புதுப்பேட்டைக்கு பஸ் ஏறாதே. அங்க ஒரு சந்துல நுழைஞ்சா மறுசந்துல வர்றதுக்குள்ள உன்ற தலையில ஒரு கியர்பாக்ஸக் கட்டிவுட்டுருவாங்க.

ஒறம்பரைன்னா எல்லாமே பொதுவாயிருமா? ஆகாது. சோத்துப்பானை பொது, நகைப்பொட்டி தனி. உன்றதுல எஸ்யு கார்புரேட்டர் ரெண்டு, அம்பாசிடர்ல ஒண்ணுதான். வால்வு, கேம்ஷாப்டு பக்கமெல்லாம் எம்ஜிக்காரன் கொஞ்சம் திமுராத்தான் செஞ்சிருப்பான். அங்க பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வெர்னியர் போட்டுப் பாத்துப்போட்டுத்தான் காசு குடுக்கோணும். ரெண்டு கார்புரேட்டரையும் கழட்டிக் கடாசிப்போட்டு மாருதி கார்புரேட்டர் ஒண்ணு மாட்டிக்கலாம்னு உன்ற மெக்கானிக்கு யோசனை சொன்னானாமா? கழட்டுனத என்ன பண்ணுவேன்னு அவனக் கேளு. பேச்சு வராது. எஸ்யுவுக்கு நீடில், ஜெட், வாஷர் எல்லாம் இங்கிலாந்துல சாலிஸ்பரிங்கற ஊர்ல பர்லன் கம்பெனி இன்னைக்கும் புதுசாவே செய்யறான். ஒரு சின்னக் கவர்ல வந்துரும். எம்ஜிக்காரங்களுக்கு 1930-லயிருந்தே கிளப்பு இருக்குது. நம்ம ஊர் நோம்பிக் கமிட்டியவிடப் பழசு, சண்டையும் கம்மியாத்தான் இருக்கும். அதுல ஒரு மெம்பராச் சேந்துக்கோ. எதுக்கு எது சேரும்னு ராத்திரி பகலா எழுதி வெச்சிருக்கற கெழவனுக அங்கதான் கெடைப்பாங்க.

பேரிங்குக்கு அந்தக் கஷ்டமும் இல்ல. பழசக் கழட்டி மண்ணெண்ணெயில நல்லாக் கழுவு. பக்கவாட்டு வளையத்துல வெயில் படறமாதிரி சாச்சுப் பாரு, நம்பர் கொத்தியிருப்பான். 6204-ன்னு இருந்தா உள்ள 20 மில்லி, வெளிய 47, அகலம் 14. சீமையில செஞ்சாலும் சிங்காநல்லூர்ல வித்தாலும் அதே அளவுதான். மோட்டார் காயில் கட்டற கடைக்காரன் பேசிக்கிட்டே எடுத்துக் குடுப்பான். நம்பர் தேஞ்சு போயிருந்தாலோ, அங்குல அளவுல வந்திருந்தாலோ மட்டும் வெர்னியர எடு. இத வுட்டுப்போட்டு "மேக்னெட் பேரிங்"னு லண்டனுக்குக் கடுதாசி போட்டேன்னு சொல்லி வேற பெருமைப்பட்டுக்கறே.

இப்ப உன்ற மெக்கானிக்குக்கு வர்றேன். நல்ல பையன், மாருதிக்கு. அவன் பொட்டியில இருக்கறதெல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனர். உன்ற வண்டியில இருக்கறது அங்குல போல்ட்டு. அரை அங்குலம்னா 12.7 மில்லி. அவன் 13-ம் நம்பர மாட்டறான், 0.3 மில்லி லொடலொடங்குது. ஒரு முறுக்கு முறுக்கறான். போல்ட்டு மூலையெல்லாம் மழுங்கிப்போகுது. அப்புறம் உளிய வெச்சுத் தட்டறான். அப்புறம் வெல்டிங். அப்புறம் "இந்த பார்ட்டு எங்கயும் கெடைக்காதுண்ணா"ங்கறான். அங்குல ஸ்பேனர் ஒரு செட்டு வாங்கிக் குடுத்திருந்தா தேடறதுல பாதி மிச்சமாயிருக்கும்.

கரண்டுலயும் ஒரு குசும்பு இருக்குது. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிக்குப் பாசிட்டிவ் எர்த்து. பேட்டரியோட பிளஸ்ஸப் பாடிக்குக் குடுக்கோணும். நம்ம பசங்க பழக்கதோசத்துல மைனஸக் குடுத்துருவாங்க. பல்பு எரியும், ஹாரன் அடிக்கும். எல்லாஞ் சரின்னு நெனச்சுக்குவே. டைனமோதான் சார்ஜ் ஏத்தாம மொறைக்கும். நீ உள்ள மாட்டுனியே ஒரு செல்போன் சார்ஜர், அது பொகைஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேன். பிளஸ் பாடியில இருந்தப்ப மாட்டுனதாலதான்னு இப்பத் தெரிஞ்சுதா? பிரேக் ஆயில்னு பேரு இருக்கறதால எந்த ஆயிலா இருந்தா என்னன்னு எஞ்சின் ஆயில ஊத்திப்போடாதே சாமி. உள்ள இருக்கற ரப்பர் கப்பு ஊதிப்போயி வீலப் புடிச்சுக்கும். அப்புறம் அந்தக் கப்புகளுக்கும் தனியா ஒரு தேடல் நடக்கும்.

கெடைக்காததச் செஞ்சுக்கலாம், நீ கோயமுத்தூர்ல பொறந்தவன்ங்கறத மறந்துபோட்டே. கணபதியில இருக்கற லேத்துக்காரங்கிட்டக் கன்மெட்டல் புஷ்ஷு கடைஞ்சு குடுன்னா டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள குடுப்பான். பவுண்டரிக்குப் போறப்ப மட்டும் உசாரு. ஒடைஞ்ச பழைய பீஸையே மண்ணுல அழுத்திப் பதிச்சு வார்த்தா, ஆறுறப்ப சுருங்கும். வார்ப்பிரும்புன்னா நூத்துக்கு ஒண்ணு, அலுமினியம்னா இன்னுங் கொஞ்சம் கூட. 200 மில்லிக்கு 2 மில்லி கொறைஞ்சா போல்ட்டு ஓட்டை எங்கயோ பாக்கும். பேட்டர்ன் ஆசாரிகிட்ட சுருக்கத்துக்கும் கடைசலுக்கும் சேத்து வெச்சு அடிக்கச் சொல்லோணும். டாஷ்போர்டு மரத்துக்கு நம்ம ஆசாரியே போதும்; ஆனா அவரு எடுத்தவொடனே மயில் செதுக்கிருவாரு, பக்கத்துல உக்காந்துக்கோ.

யாழ்ப்பாணத்துல சண்டைக் காலத்துல பெட்ரோலுக்குத் தடை இருந்தப்ப, ஆஸ்டின் காரெல்லாம் கார்புரேட்டர்ல சொட்டுப் பெட்ரோல வுட்டு ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் மண்ணெண்ணெயில ஓட்டினாங்க. கூரியர் கெடையாது, கரண்டு கெடையாது. உனக்கு ஊட்டு வாசல்லயே கூரியர்காரன் வந்து நிக்கறான், இருந்தும் கோழி முட்டை வெச்சுக்கிட்டு இருக்குது.

ஆனா ஒண்ணு, கண்ணாடியில வெளையாடாதே. எஞ்சினச் செஞ்சுக்கலாம், கண்ணாடியக் கடையவும் முடியாது வார்க்கவும் முடியாது. இரட்டைக் கலர் அடிச்சு வந்த வேரிட்டோன் மாடலுக்குப் பின்கண்ணாடி பெருசு. சாதா இசட்பி கண்ணாடி அதுக்குச் சேராது. உன்றது எதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோ. அதே மாதிரி முன்கிரில், வெளக்கு வளையம், ஓரத்து நிக்கல் பட்டை. இதெல்லாம் கூடவே இருக்குதான்னு பாத்துப்போட்டுத்தான் வண்டியே வாங்கியிருக்கோணும். நீ சீட்டத் தடவிப் பாத்துத் தோல் நல்லாருக்குன்னு வாங்கினவன். தோல் பொள்ளாச்சியிலயே தைக்கலாம் மாப்ளே.

சரி, கெளம்பறதுக்கு முன்னால ஒரு நிமிசம் கட்டுத்தரைப் பக்கம் வா. அந்த வைக்கோல நகத்து. மெதுவா, தேள் இருக்கும். என்ன பாக்கறே? பழைய பெட்ரோல் அம்பாசிடர் எஞ்சின், 1489. கிராங்கு, பிளாக்கு, கனெக்டிங் ராடு எல்லாம் முழுசு. வெர்னியர் அங்க ஆணியில தொங்குது, அளந்து பாத்துக்கோ. உங்கத்தை இதப் பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொல்லி நாலு வருசமாக் கத்தறா. நான்தான் ஒரு நல்ல ஆளு வருவான்னு வெச்சிருந்தேன்.

வெலையா? நம்ம பையனுக்கு நான் என்ன வெல சொல்றது. வெறும் அம்பாசிடருக்குன்னு கேட்டிருந்தீன்னா சும்மாவே தூக்கிட்டுப் போன்னு சொல்லியிருப்பேன். நீ வந்தவொடனே எம்ஜின்னு வாயத் தொறந்துபோட்டியே மாப்ளே.