தர்மக் கணக்குப்பிள்ளை

அக்டோபர் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் போனால் இவரைத் தேட வேண்டியதில்லை; இவரே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். புது மாணவர்களைச் சேர்க்க எல்லா மாணவர் சங்கங்களும் கடை விரித்திருக்கும் நேரம் அது. படகுச் சங்கத்தார் தோளைக் காட்டி ஆள் பிடிப்பார்கள். நாடகச் சங்கத்தார் குரலைக் காட்டுவார்கள். ஒயின் சங்கத்தார் எதையும் காட்ட வேண்டியதில்லை, கூட்டம் தானே வரும். இவர்களுக்கு நடுவே ஒரு மடக்கு மேசை, அதன்மேல் இலவசப் புத்தகங்கள், பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு. மேசைக்குப் பின்னால் இருபது வயதில் ஒருவர் நின்றுகொண்டு, "உங்கள் கையில் இருக்கும் 80,000 மணி நேரத்தை என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டால், அவர்தான் நம் தர்மக் கணக்குப்பிள்ளை. கேட்கப்பட்டவர் கழிப்பறைக்கு வழி விசாரிக்க வந்தவராகக்கூட இருக்கலாம். அதைப் பற்றி இவருக்குக் கவலையில்லை.

அதென்ன 80,000? வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம், 40 ஆண்டு உத்தியோகம், பெருக்கிப் பாருங்கள். இந்த எண்ணையே பெயராக வைத்து 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். உலகத்துக்கு அதிக நன்மை செய்யும் வேலை எது என்று இளைஞர்களுக்கு யோசனை சொல்வதுதான் அதன் பணி. நம் ஊர் ஜோசியர் பிறந்த நேரத்தைக் கேட்டு எதிர்காலம் சொல்வார். இவர்கள் மிச்சமிருக்கும் நேரத்தைக் கேட்டுச் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளைக்குக் குலமுறை உண்டு. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சம் லட்சமாக இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தபோது, பீட்டர் சிங்கர் என்ற இளம் தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அது 1972-ல் அச்சாயிற்று. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. உடுப்பில் சேறு படுமே என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்களா? மாட்டீர்கள் அல்லவா, அப்படியானால் தூரத்தில் சாகும் குழந்தையை மட்டும் ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டார். கேள்வி எளிது, பதில்தான் யாருக்கும் வரவில்லை. 2009-ல் டோபி ஆர்ட், வில்லியம் மெக்காஸ்கில் என்ற இரு ஆக்ஸ்ஃபோர்டு தத்துவக்காரர்கள், வருமானத்தில் 10 சதவீதத்தை ஆயுள் முழுக்கக் கொடுக்க உறுதிமொழி வாங்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இதுவரை 10,000 பேருக்கு மேல் உறுதி எடுத்திருக்கிறார்கள். இந்த இயக்கத்துக்கு எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம் என்று பெயர். கொடுக்கிற காசும் உழைப்பும் எங்கே அதிகப் பலன் தரும் என்று ஆதாரத்தோடு கணக்குப் பார்த்துக் கொடுப்பதே இதன் சாரம்.

இவருடைய இஷ்ட தெய்வம் கொசுவலை. ஒரு வலை ஐந்து டாலரை ஒட்டி வரும். மலேரியாவால் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேர் சாகிறார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். வலை கொடுத்தால் உத்தேசமாக 5,000 டாலர் செலவில் ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்று கிவ்வெல் என்ற அமெரிக்க அமைப்பு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இந்த எண்ணைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நம் பிள்ளையால் நிம்மதியாக ஒரு சட்டை வாங்க முடிவதில்லை.

இப்படிப்பட்டவரிடம் நம் கடையெழு வள்ளல்கள் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை உட்காரவைத்துச் சொல்லியிருப்பார்: "கொடிக்கு வேண்டியது பற்றிக்கொள்ள ஒரு கொம்பு, மன்னா. பறம்பு மலையில் மூங்கிலுக்கா பஞ்சம்? தேரை விற்றிருந்தால் உங்கள் முந்நூறு ஊருக்கும் கொசுவலை கொடுத்திருக்கலாம்." பேகனிடம் கொஞ்சம் கனிவு காட்டியிருப்பார், ஏனென்றால் விலங்கு நலன் இவருக்குப் பிடித்த துறை. ஆனாலும், "மயிலுக்குக் குளிரும் என்பதற்கு ஆய்வு ஏதும் உண்டா? ஒரு மயிலுக்குப் போர்த்திய செலவில் எத்தனை இறாலைக் கவனித்திருக்கலாம்!" என்று கேட்காமல் விட்டிருக்க மாட்டார். இறால் வேடிக்கைக்குச் சொன்னதல்ல. பண்ணை இறால்கள் வேதனையில்லாமல் சாக வேண்டும் என்பதற்காகவே இந்த இயக்கத்தார் ஓர் அமைப்பு நடத்துகிறார்கள்.

சங்கத்தில் பெயர் கொடுத்தவரைக் கணக்குப்பிள்ளை தனியே காபிக்கு அழைப்பார். இதுதான் இவருடைய களம். கோப்பையில் ஓட்ஸ் பால் காபி, எதிரே மடிக்கணினி, அதில் ஒரு எக்செல் தாள். பெயர், படிப்பு, ஆர்வம் என்று கட்டங்கள் போய், கடைசிக் கட்டத்தில் 'வாழ்க்கைத் திட்டம் மாறும் வாய்ப்பு' என்று இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாதபடி திரையைச் சற்றே சாய்த்துக்கொள்வார்.

"என்ன படிக்கிறீர்கள்?"

"வேதியியல்."

"அருமை! அடுத்த கொள்ளைநோயைப் பற்றி யோசித்ததுண்டா?"

"இல்லை... வாசனைத் திரவியக் கம்பெனியில் வேலைக்குப் போகலாம் என்று..."

"நல்லது. அந்த வேலையில் நீங்கள் சேராவிட்டால் வேறு யாராவது சேர்வார்களா?"

"சேர்வார்கள்."

"அதேதான்!"

எதிரில் இருப்பவருக்குத் தான் பிறந்ததே உபரியோ என்று சந்தேகம் வந்துவிடும். டாக்டருக்குப் படிக்கிறேன் என்றாலும் தப்ப முடியாது. இங்கிலாந்தில் டாக்டர்கள் நிறைய இருக்கிறார்கள். இன்னொருவர் கூடுவதால் கூடும் நன்மை நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம்தான் என்று அதற்கும் கணக்கு வைத்திருப்பார். பிரச்சினை எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரம் கவனிக்கப்படாமல் கிடக்கிறது, தீர்க்க வழி உண்டா என்ற மூன்று கேள்விகள்தான் இவருடைய தராசு. காதல் உட்பட எதையும் அதில் போட்டுப் பார்ப்பார். கருத்துச் சொன்னால் பின்னாலேயே சதவீதமும் வரும். மழை வருமா என்றால் 60 என்பார், கடவுள் உண்டா என்றால் 4 என்பார். தோற்றுப்போன வாதத்தைத் தோற்றதாக ஒத்துக்கொள்ள மாட்டார். "என் கணிப்பை 10 புள்ளி இறக்கிக்கொள்கிறேன்" என்பார்.

காபியில் தேறியவர்களுக்கு எட்டு வார அறிமுக வகுப்பு. ஆக்ஸ்ஃபோர்டு பருவமும் எட்டே வாரம் என்பதால் தப்பிக்க வாரம் மிஞ்சாது. தொடக்கத்தில் எல்லோரும் கொசுவலைக்காக உருகுவார்கள். நடுவில் கூண்டுக் கோழிக்காகக் கண் கலங்கி, பீட்சாவிலிருந்து பாலாடைக்கட்டியை விலக்குவார்கள். பிறகு கொள்ளைநோய், செயற்கை நுண்ணறிவு, இன்னும் பிறக்காத கோடானுகோடி மக்கள். இந்த நூற்றாண்டில் மனித குலத்துக்குப் பேரழிவு நேரும் வாய்ப்பு ஆறில் ஒன்று என்று டோபி ஆர்ட் 2020-ல் எழுதிய புத்தகத்தில் கணித்திருப்பதைப் படித்துவிட்டு, முடிக்க வேண்டிய கட்டுரையை ஒத்திப்போடுவார்கள். குளத்துக் குழந்தையைத் தூக்க வந்தவர்கள், எட்டாவது வாரத்தில் பல லட்சம் ஆண்டுக்கு அப்பால் நிற்பார்கள்.

வகுப்பில் தரும் பீட்சாவுக்குக் காசு யார் கொடுப்பது? பல்கலைக்கழக மாணவர் குழுக்களைத் தாங்கிப் பிடிக்க ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மையமே உண்டு. புதிதாகக் குழு நடத்துபவர்களுக்கு அனுபவசாலி ஒருவரை வழிகாட்டியாகப் போடுவார்கள், பாடத்திட்டம் கொடுப்பார்கள், கைச்செலவைப் பார்த்துக்கொள்வார்கள். ஃபேஸ்புக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்ஸும் அவர் மனைவி கேரி டூனாவும் கொடுத்த பணம் இந்த இயக்கத்தின் பெரிய ஊற்று. வலை வாங்க வேண்டிய காசில் பீட்சாவா என்று கேட்டுவிடாதீர்கள், அதற்கும் கணக்கு தயார். இருபது வயதில் ஒருவர் 10 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் 40 ஆண்டு கொடுப்பார். அதன் முன் நான்கு பீட்சா எந்த மூலைக்கு? வருஷக் கடைசியில் இவர் அறிக்கை எழுத உட்காரும்போதுதான் சங்கடம். பீட்சாவுக்கு நாற்பது பேர் வந்தார்கள், ஆறு பேர் கடைசி வாரம் வரை தாங்கினார்கள், ஒருத்தி வாழ்க்கைத் திட்டத்தையே மாற்றிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பீட்சா பக்கமே வராதவளாக இருப்பாள்.

இவரிடம் பேசக் கூடாத பேச்சு இரண்டு உண்டு. ஒன்று சாம் பேங்க்மன்-ஃப்ரீட். 2012-ல் அமெரிக்காவில் எம்ஐடி மாணவராக இருந்த அவரிடம், நிறையச் சம்பாதித்து நிறையக் கொடுக்கும் வழியை ஒரு மதிய உணவின்போது எடுத்துச் சொன்னவர் மெக்காஸ்கில்தான். சீடர் முதல் பாதியை அபாரமாகச் செய்தார். அவருடைய எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தை நிறுவனம் 2022 நவம்பரில் திவாலானது. வாடிக்கையாளர் பணத்தை மோசடி செய்ததற்காக 2024 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டு சிறை விதித்தார்கள். அதையும் இவர்கள் முறைப்படி மணிக்கணக்கில் எழுதினால் 2,19,000 வருகிறது. சிறையில் வார விடுமுறை கிடையாதே.

மற்றது வைதம் ஆபி. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே, சுமார் 1.5 கோடி பவுண்டுக்கு, கூட்டம் நடத்துவதற்கென்று இந்த இயக்கத்தார் வாங்கிய பழைய மாளிகை. இவர்கள் விலையிலேயே போட்டால் 30 லட்சம் வலைக்கு மேல். நல்ல சூழலில் கூடினால் நல்ல யோசனை பிறக்கும், நல்ல யோசனை பிறந்தால் உலகம் பிழைக்கும் என்று அதற்கும் ஒரு பெருக்கல் சொன்னார்கள். 2024-ல் மாளிகை விற்பனைக்கு வந்தது. கணக்கின் குணமே அதுதான். கொசுவலை என்றால் எண்ணிப் பார்த்துவிடலாம். பிறக்கப்போகும் யோசனை என்று வந்துவிட்டால், போடுகிறவர் விரும்பிய விடையையே அது கொடுக்கும். மூன்று கேள்வி கேட்கும் பிள்ளை, விடையை எண்ணிப் பார்க்க முடியுமா என்ற நாலாவது கேள்வியையும் கேட்கப் பழகினால் நல்லது.

ஆனால் ஆளைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நவம்பர் மாலை, கார்ன்மார்க்கெட் தெருவில் கடைவாசலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவரை இவர் கடந்துபோவதைப் பாருங்கள். பத்தடி போவார், நிற்பார். இதே காசு வேறிடத்தில் நூறு மடங்கு பலன் தரும் என்று உதடு அசையும். பிறகு திரும்பி வந்து ஒரு சாண்ட்விச்சும் சூடாகத் தேநீரும் வாங்கிக் கொடுத்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திருடனைப் போலச் சுற்றுமுற்றும் பார்ப்பார். அன்றிரவு அந்தச் செலவை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து 'இதர' என்ற கட்டத்தில் போடுவார்.

படிப்பு முடிந்து சம்பளம் வந்த முதல் மாதமே பத்தில் ஒரு பங்கு மலேரியா நிதிக்குப் போய்விடும். அதற்குக் கல்வெட்டு கிடையாது, ட்யூப் லைட்டில் உபயம் கிடையாது, மாலை மரியாதை கிடையாது. வலைக்குள் தூங்கும் குழந்தைக்கு இவர் பெயரும் தெரியாது.

ஆகவே வாசகர்களே, இவரைப் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து, போன வருஷம் நாம் கொடுத்த தர்மம் எவ்வளவு, அது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று எழுதிப் பாருங்கள். தாள் நிறைந்தால் உரக்கச் சிரியுங்கள். காலியாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள்.