கிளம்பாக் கார்: கடலூர் முதுநகர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சாவியைத் திருகிய பின்னும் இருந்த இடத்திலேயே இருக்கும் நான்கு சக்கர ஊர்தி ‘கிளம்பாக் கார்’ எனப்படும். சாவி திருகப்படாத கார் இவ்வினத்தில் அடங்காது. அது நிற்கும் கார், அவ்வளவே. கிளம்பிப் போய் ஆலப்பாக்கத்திலோ புதுச்சத்திரத்திலோ நின்றுவிட்ட கார் வேறு இனம். அது டோ வண்டிக்காரர்களின் துறை.

கிளம்பாமை குறித்து வட்டாரத்தின் பழம்பதிவுகள் இரண்டும் சிதம்பரத்தவை. மார்கழித் திருவாதிரை விழாவில் தேர் மழைச் சேற்றில் அழுந்தி நின்றுவிட, சேந்தனார் திருப்பல்லாண்டு பாடியதும் அது ஓடியது என்பது மரபு. கொடிமரத்தில் ஏற மறுத்த கொடி, உமாபதி சிவாசாரியார் கொடிக்கவி பாடியதும் ஏறியது என்பது இன்னொன்று. தேருக்கு 13 பாடல்கள் தேவைப்பட்டன, கொடிக்கு 4. இரண்டிலும் பேட்டரி சம்பந்தப்படவில்லை என்பதால் இம்முறையை மாருதிக்கு அப்படியே பொருத்துவதில் சிக்கல் உண்டு. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: அன்றும் கூட்டம் குறைவில்லாமல் இருந்திருக்கிறது, கூட்டத்தால் வண்டி நகரவில்லை.

பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பது பரபக்கம், தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். சிவஞான சித்தியார் இந்த அடைவில் அமைந்தது. அதைச் செய்த அருணந்தி சிவாசாரியார் இதே கடலூர் மாவட்டத்துத் திருத்துறையூரைச் சேர்ந்தவர். ஆகவே வேறு ஆய்வு முறையை வெளியூரிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை.

பரபக்கம். கார் கிளம்பாத இரண்டு நிமிடத்துக்குள் அதைச் சுற்றி நான்கு மதத்தார் கூடுகின்றனர். காற்றுவாதிகள், கலப்படவாதிகள், திருஷ்டிவாதிகள், தள்ளுவாதிகள் என இவர்களைப் பிரிக்கலாம்.

“ஏர் புடிச்சிருக்கும் சார்” என்பது காற்றுவாதியின் மூல சூத்திரம். துறைமுகத்து விசைப்படகு இன்ஜின்களோடு பழகியவர்கள் நிறைந்த முதுநகரில் இக்கொள்கைக்குச் செல்வாக்கு அதிகம். டீசல் குழாயில் காற்று புகுந்தால் பம்ப் அந்தக் காற்றையே அமுக்கிக்கொண்டிருக்கும். டீசல் போய்ச் சேராது. டீசல் வண்டிக்கு இது முற்றிலும் சரி. பெட்ரோல் காரின் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இதைச் சொல்லும்போதுதான் கொள்கை ஆட்டம் காண்கிறது.

கலப்படவாதி, கடைசியாக எந்த பங்க்கில் பெட்ரோல் போட்டது என்று விசாரித்து, எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையசைப்பவர். அவர் சொல்வது சில சமயம் உண்மையாக இருக்கும். ஆனால் தண்ணீர் கலந்த பெட்ரோல் போட்ட வண்டி பெரும்பாலும் பங்க்கைத் தாண்டிச் சற்று தூரத்திலேயே விக்கி நின்றுவிடும். மூன்று நாள் நன்றாக ஓடி, நான்காம் நாள் காலை வாசலில் மக்கர் செய்யாது. திருஷ்டிவாதி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கச் சொல்கிறார். பழம் நசுங்க வண்டி நகர வேண்டும். வண்டி நகரப் பழம் நசுங்க வேண்டும். தருக்க நூலார் இக்குற்றத்தை அந்நியோன்னியாச்சிரயம் என்பர்.

தள்ளுவாதியை இவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. சாலையில் உருளும் சக்கரம் கியர் வழியாக இன்ஜினைச் சுழற்றும் என்ற அவருடைய அடிப்படை பழுதற்றது. 1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வருமுன் உலகம் முழுக்க இன்ஜினைப் பெரும்பாலும் ஆள்பலத்தால்தான் சுழற்றினார்கள். முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றும் வழக்கம் நம் ஊரில் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தது. பழைய அம்பாசிடர்களில் அதற்கென்றே துளை உண்டு. இன்ஜின் பின்னடித்தால் மணிக்கட்டு போய்விடும் என்பதால், கட்டைவிரலை மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிப்பது அக்கால டிரைவரின் இலக்கணம்.

தள்ளுவாதியின் தோல்வி நடைமுறையில் வருகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் சாவியை ஆனில் வைக்க மறந்திருப்பார். அல்லது முதல் கியரில் கிளட்சை விடுவார். சக்கரம் கட்டிக்கொண்டு குலுங்கும், தள்ளியவர் நெஞ்சு டிக்கியில் மோதும். இரண்டாவது கியர், வண்டி நல்ல வேகம் பிடிக்கும்வரை மிதித்த கிளட்ச், பிறகு சட்டென்று விடுதல் என்பதே முறை. பாலங்களின் சரிவைத் தவிர மேடு பள்ளம் அறியாத கடலோரத் தரையில் அந்த வேகத்துக்கு மூன்று ஆளாவது வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை எத்தனை பேர் தள்ளினாலும் அது கிளம்பாது. இன்றைய பெட்ரோல் கார்களிலோ பெட்ரோல் பம்பும் கணினிப் பெட்டியும் விழித்திருக்கவே கொஞ்சம் மின்சாரம் தேவை. பேட்டரி அடியோடு செத்திருந்தால் மஞ்சக்குப்பம் வரை தள்ளிப்போனாலும் பயனில்லை.

சுபக்கம். கிளம்பாக் காரை அறியும் முதற்கருவி செவி. பானெட்டைத் திறப்பதற்கு முன் சாவியை ஒருமுறை திருகிக் காதுகொடுப்பது போதும். கூட்டம் பேசிக்கொண்டிருந்தால் இதுவும் முடியாது.

‘டிக்டிக்டிக்’ என்று பல்லி போல விடாமல் அடித்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, ஹெட்லைட் சற்றும் மங்காமல் எரிந்தால் ஐயம் ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் திரும்ப வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டாரை ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டினால் ஒருமுறை எடுக்கும். மெக்கானிக் கடை வரை கொண்டுசேர்க்க அது போதும். சிலர் அதையே ஆறு மாத வைத்தியமாக நடத்துகிறார்கள். சாவி திருகியதும் டாஷ்போர்டு விளக்கு எல்லாம் அணைந்தால் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. செல்ஃப் ‘கிர்ர் கிர்ர்’ என்று உற்சாகமாக அடித்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோலும் பொறியும்தான் விசாரணைக்குரியவை.

இவற்றுள் முதல் வகையே முதுநகரின் சிறப்பு. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். நிறைவாக இருந்தால் ஓய்வு நிலையில் மீட்டர் 12.6 காட்டும், 12க்குக் கீழே போனால் காலி என்று கொள்ளலாம். ஆனால் மீட்டர் 12.6 காட்டியும் கிளம்பாத கார்கள் இங்கே உண்டு. ஹார்ன் அடிக்கும், பாட்டுப் பாடும், விளக்கு எரியும். இவையெல்லாம் சில ஆம்பியரில் நடக்கிற காரியங்கள். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. பேட்டரித் தலையில் ஈயக் குமிழையும் கிளாம்பையும் சுற்றி வெள்ளையும் பச்சை கலந்த நீலமுமாய்ப் பூத்திருக்கும் மாவு அவ்வளவு மின்சாரத்தை விடாது. பேட்டரியிலிருந்து கசியும் ஆசிட் ஆவியும், ஈயமும் செம்பும், சிங்காரத்தோப்புப் பக்கமிருந்து வீசும் உப்பங்காற்றின் ஈரமும் சேர்ந்து செய்த விளைச்சல் அது. இந்த மாவைப் பார்த்துவிட்டுப் புது பேட்டரிக்குச் சீட்டு எழுதும் மெக்கானிக் உண்டு.

வைத்தியம் சமையலறையில் இருக்கிறது. 10 நம்பர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவில் கைவைக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் முன்பே கழன்றிருந்தால் அந்த அபாயம் இல்லை. மாட்டும்போது வரிசை தலைகீழ். சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால் மாவு சுர்ரென்று நுரைத்துக் கரையும். கிளாம்பின் உட்புறத்தை உப்புத்தாளால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாசலின் தடவினால் மழைக்காலம் வரை கவலையில்லை. நல்ல சட்டையோடு இதைச் செய்யக்கூடாது; ஆசிட் பட்ட ஓட்டை உடனே தெரியாது, வெளுக்கப் போட்டபின் தெரியும். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரின் மறுமுனையையும் பார்ப்பது நல்லது. கடலோரத்தில் துரு அங்கேதான் ஒளிந்துகொள்கிறது.

பேட்டரி உண்மையிலேயே இறங்கியிருந்தால் வேறு காரிலிருந்து கேபிள் போடலாம். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவின் கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அதைவிட்டுத் தள்ளி இன்ஜினின் இரும்புப் பகுதியில் மாட்ட வேண்டும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் நிற்கக்கூடும், பொறி பட்டால் வெடிக்கும்.

செல்ஃப் அடித்தும் பிடிக்காத வண்டிகளுக்குச் சுருக்கமாக: சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கடியில் பம்ப் ஓரிரு நொடி முனக வேண்டும், முனகாவிட்டால் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்கலாம். டாஷ்போர்டில் சாவி விளக்கு மினுக்கினால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவி உதவும். டீசல் காரில் காயில் விளக்கு அணையும்வரை பொறுத்து, பிறகு செல்ஃப் போட வேண்டும். நெடுநாள் எடுக்காமல் நின்ற காரில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம். பானெட்டுக்குள் புழுக்கை கிடந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

மழை வெள்ளம் தனி இயல். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியதும் கடலூர், புதுவைக்கு இடையேதான். 2015 வெள்ளத்தையும் இம்மாவட்டம் கண்டது. கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய தலம் திருப்பாதிரிப்புலியூர் என்றாலும், முதுநகர்க் காருக்கு அச்சலுகை கிடையாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் செல்ஃப் போட்டால் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜின் இறங்கும். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிராத பாலிசியில் பெரும்பாலும் இந்த நட்டத்துக்கு இழப்பீடு வராது. ஆகையால், தண்ணீரில் மூழ்கிய காரில் யார் என்ன சொன்னாலும் சாவியைத் திருக வேண்டாம்; பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு டோ வண்டிக்குச் சொல்லிவிடுங்கள்.