இறாலுக்கும் இலிஷுக்கும் நடுவே

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். ஐந்தாவது விதி முழுக்க ரெஃபரிக்கே எழுதி வைத்தது. விசில் ஊதலாம், ஆட்டத்தை நிறுத்தலாம், மழை பெய்தால் கைவிடலாம், கார்டு காட்டி வெளியே அனுப்பலாம், நேரம் பார்க்கலாம். மைதானத்தில் நடந்ததைப் பற்றி அவர் சொன்னதுதான் முடிவு. ஒரு தாசில்தாருக்குக்கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது. ஆனால் கொல்கத்தாவில் ரெஃபரிக்கு இருக்கும் தலையாய பொறுப்பை மட்டும் விதி எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். தோற்ற அணி ஏன் தோற்றது என்று யாராவது கேட்டால், அதற்குப் பதில் அவர்தான்.

இந்த ஊரில் எந்த அணியும் எதிரணியிடம் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. ரெஃபரியிடம்தான் தோற்கும். 1977 செப்டம்பரில் பெலே ஈடன் கார்டனுக்கு வந்தார். அவருடைய காஸ்மாஸ் அணிக்கு எதிராக மோகன் பகான் 2-1 என்று முன்னால் நின்றது. பிறகு ஒரு பெனால்டி, 2-2. பெலேயைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வரும் பெரியவர்கள் பெலேயை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு அந்தப் பெனால்டிக்கு வந்துவிடுவார்கள். அது பெனால்டியே இல்லை. டீக்கடை பெஞ்சில் இன்னும் அப்பீல் நிலுவையில் இருக்கிறது. வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை உலகக் கோப்பைக்கு 2018இல்தான் வந்தது. கொல்கத்தா டீக்கடைகளில் அது மண் குவளையோடு பல தலைமுறையாக நடக்கிறது, அதுவும் வீடியோ இல்லாமலே.

ஜெயித்த மேட்ச் என்றால் கதை வேறு. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளத்தை 2-1 என்று சாய்த்தது. ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். கோல் போட்டவர்கள் சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் என்று மூன்றாம் வகுப்புப் பையன் சொல்வான். பதினொரு பேரையும் வரிசை தப்பாமல் ஒப்பிக்கும் தாத்தாக்கள் உண்டு. அன்றைக்கு விசில் ஊதியது யார் என்று கேட்டுப் பாருங்கள். ‘ரெஃபரி இருந்தாரா?’ என்பார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கொல்கத்தா என்பது பார்க்க ஓர் ஊர், பந்து உருண்டால் இரண்டு ஊர். கங்கைக்கு இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள் கோட்டி. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் பாங்கால். கோட்டிக்கு மோகன் பகான், பச்சையும் மெரூனும், சிங்ரி என்கிற இறால். பாங்காலுக்கு ஈஸ்ட் பெங்கால், சிவப்பும் தங்கமும், இலிஷ் மீன். எந்த அணி ஜெயிக்கிறதோ அந்த மீன் மறுநாள் சந்தையில் விலை ஏறும். கோட்டியும் பாங்காலும் ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒரே மெட்ரோவில் ஒரே கம்பி. பல வீடுகளில் ஒரே கட்டில்கூட. ‘உங்கள் அணிதான் உசத்தி’ என்று ஞாயிற்றுக்கிழமை ஒப்புக்கொண்டுவிட்டுத் திங்கட்கிழமை எந்த முகத்தோடு டிபன் பாக்ஸைத் திறப்பது? ‘ரெஃபரி சோர்’ என்று சொல்லிவிட்டால் தோற்றவனுக்கு மானம் மிஞ்சும், ஜெயித்தவனுக்குக் கோப்பை மிஞ்சும், சோறு இறங்கும். திருட்டுப் பட்டம் வாங்கியவர் மட்டும் போலீஸ் துணையோடு வீடு போய்ச் சேருவார்.

ரெஃபரியைத் தாண்டிக் கோபம் பக்கத்து இருக்கைக்காரன் மேல் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன், இதே இரண்டு அணிகள். மைதானத்தில் பிதேஷ் பாசுவும் திலீப் பாலித்தும் மோதிக்கொண்டார்கள், இருவரையும் ரெஃபரி வெளியே அனுப்பினார். அது அதோடு முடிந்திருக்க வேண்டும். கேலரியில் மூண்டது முடியவில்லை. பதினாறு பேர் வீடு திரும்பவில்லை. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் ரசிகர்கள் ரத்த தானம் செய்கிறார்கள். அன்றைக்கு மட்டும் ரெஃபரியை யாரும் திட்டிப் பார்த்ததில்லை.

மற்ற நாளெல்லாம் திட்டுதான். 2012 டிசம்பரில் சால்ட் லேக் ஸ்டேடியத்தில், மறுபடியும் இதே இரண்டு அணிகள். மோகன் பகானின் ஒடாஃபாவுக்கு ரெட் கார்டு, கேலரியிலிருந்து வந்த கல் அதே அணியின் நபி மேல். இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களத்துக்கே வரவில்லை. இரண்டு வருடம் தடை என்றார்கள், பிறகு மனசு மாறி இரண்டு கோடி ரூபாய் அபராதம் என்றார்கள். அன்று ரெஃபரி ஊதாமலே போன இரண்டாம் பாதி விசில்தான் இந்திய ஃபுட்பாலில் விலை உயர்ந்த விசில்.

இவ்வளவு ஏச்சுக்கும் ஆளாகிற இந்த உத்தியோகம் ஆதியில் சுகமானதாகத்தான் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு அம்பயரை இரண்டு அணிகளும் கூட்டிக்கொண்டு வரும். ஃபவுல் என்றால் கிரிக்கெட் மாதிரி ஆட்டக்காரர்கள் அப்பீல் செய்ய வேண்டும். அம்பயர்கள் இருவருக்கும் ஒத்துவராவிட்டால்தான் கோட்டுக்கு வெளியே சும்மா நிற்கும் ரெஃபரியிடம் போவார்கள். 1891இல் அவரை மைதானத்துக்குள் தள்ளிவிட்டார்கள். நல்ல வேளை. பழைய முறை கொல்கத்தாவில் நீடித்திருந்தால் ஜூனில் தொடங்கிய லீக் மேட்ச் ஒன்றில் அம்பயர்கள் இருவரும் துர்கா பூஜை வரைக்கும் விவாதித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் தாகூரும் மார்க்ஸும் வந்து போவார்கள்.

கார்டு வந்தது 1970 உலகக் கோப்பையில். கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய ரெஃபரி லண்டனில் கார் ஓட்டிப் போகும்போது டிராஃபிக் விளக்கைப் பார்த்துப் பிடித்த யோசனை. அவர் கொல்கத்தாவில் கார் ஓட்டியிருந்தால் இன்னும் விசேஷமாக இருந்திருக்கும். இங்கே 2011 முதல் சிக்னல்களில் ரவீந்திர சங்கீதம் பாடுகிறது. ரெட் கார்டோடு ஒரு பாட்டும் கேட்டுவிட்டு வெளியே போகலாம். எங்கள் பேட்டை மோகன் பகான் கிழவர் ஒருவருக்கு ஆஸ்டன் மேல் தீராத கோபம். ‘மஞ்சளும் சிவப்பும் யார் கலர்? ரெஃபரி பாக்கெட்டிலேயே ஈஸ்ட் பெங்கால் கொடி வைத்துக்கொண்டு வருகிறான், இவனா நியாயம் சொல்வான்?’ புல் என்ன கலர் என்று நான் கேட்கவில்லை. அவர் வயதில் பெரியவர்.

பேட்டை என்றேன் அல்லவா, லேக் மார்க்கெட். ராஷ்பிஹாரி அவென்யூவில் ஃபில்டர் காபியும் மல்லிகைப் பூவும் வாழை இலையும் கிடைக்கிற, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கிற இடம். உத்தியோகத்துக்காக வந்து, ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட ஆசாமிகளில் நானும் ஒருவன். இங்கே பேட்டைக்குப் பாரா என்று பெயர். அப்படிப் பாரா கிளப் ஒன்று ஆகஸ்ட் 15க்கு நடத்தும் டோர்னமென்டுக்கு என்னை ரெஃபரியாகப் போட்டார்கள். முறையாகப் பரீட்சை எழுதித் தேறிய ரெஃபரிகளுக்கு மைதான் திடலில் தனிக் கூடாரமே இருக்கிறது. கிளப் செக்ரட்டரிக்கு அவர்கள் யாரும் வேண்டாம். எல்லாரும் ஒன்று கோட்டி, இல்லாவிட்டால் பாங்கால்.

“மணி-தா, உங்களுக்கு இலிஷ் பிடிக்குமா, சிங்ரி பிடிக்குமா?” என்று கமிட்டி முன்னால் நிறுத்திக் கேட்டார்.

“ரெண்டும் இல்லை. நான் சைவம்.”

கூட்டம் அமைதியானது. “முட்டை?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அதுவும் இல்லை.”

துக்கம் விசாரிப்பது போல இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். மேற்படி கிழவர் மட்டும் எழுந்தார். ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்கள் யார், அப்பாராவ், தன்ராஜ், வெங்கடேஷ், சாலே, அகமது கான், ஐந்து பேரும் தெற்கத்திக்காரர்கள். மதராஜியை எப்படி நம்புவது என்று ஆட்சேபம் கிளப்பினார். நாற்பதுகளின் கடைசியில் வாங்கிய கோல்கள், இன்னும் ஆறவில்லை. செக்ரட்டரி அசரவில்லை. இந்தியா உலகக் கோப்பையில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை, ஆனால் 2002இல் மெட்ராஸ்காரர் கோமளீஸ்வரன் சங்கர் அங்கே லைனில் கொடி பிடித்து நின்றார். நம்மால் முடியாததை மதராஜி கொடியை வைத்துக்கொண்டே செய்திருக்கிறார் என்று ஒரே போடாகப் போட்டார். திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா ரெஃபரியான கதையை நான் எடுத்துக் கொடுத்தேன். தீர்மானம் நிறைவேறியது.

விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். பந்தின் எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். ஆகஸ்ட் மாதத்துக் கொல்கத்தாச் சேற்றோடு நிறுத்தால் எவ்வளவு என்பதைப் பற்றிப் புத்தகம் மௌனம். பந்து ரெஃபரி மேல் பட்டுத் திசை மாறி ஒரு அணிக்கு லாபமாகப் போனால், நிறுத்தி டிராப் பால் கொடுக்க வேண்டும் என்று 2019இல் மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் சட்டத்தின் பார்வையில் ரெஃபரியும் கோல்போஸ்டும் ஒன்று. மேலே பட்டால் பட்டதுதான், ஆட்டம் நடக்கும். பாரா மேட்சில் பழைய சட்டமே அமலில் இருந்தது. என் முதுகு சாட்சி.

ஃபைனலில் பந்து உருளுவதற்கு முன்பே வம்பு வந்தது. நான்காவது விதிப்படி ஆட்டக்காரர்கள் நகை அணியக் கூடாது, டேப் ஒட்டி மறைக்கவும் கூடாது. எங்கள் ஊரில் கோலியை, அதாவது கோல்கீப்பரை, கூப்பிட்டால் வெறும் பொட்டுத் தங்கச் சங்கிலியோடு நிற்பான். இங்கே ஒரு அணியின் கோலிப் பையனுக்கு வலது கையில் செம்பு வளையம், சிவப்புக் கயிறு, தாயத்து. இடது கையில் பவழம், முத்து, கோமேதகம் என்று விரலுக்கொரு கிரகம். கையுறையை மாட்டிக்கொண்டு வந்தபோது நவக்கிரக சன்னதியே நடந்து வருகிற மாதிரி இருந்தது.

“கழற்றுப்பா.”

“தாதா, மற்றதெல்லாம் சரி. கோமேதகம் ராகுவுக்கு. கழற்றக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்கார்.”

கோலுக்குப் பின்னாலிருந்து அவன் அம்மா குடையோடு வந்தார். மகனுக்கு ராகு தசை எந்த வருடம் தொடங்கியது, மோதிரம் போட்ட பிறகு பி.காம். எப்படித் தேறினான், எல்லாம் சொன்னார். “கழற்றி கோல் விழுந்தா யார் பொறுப்பு?” என்று முடித்தார். ஐந்தாவது விதியைப் புரட்டிப் பார்த்தேன். ஆட்டக்காரருக்கோ ரசிகருக்கோ நேரும் காயத்துக்கும் நஷ்டத்துக்கும் ரெஃபரி பொறுப்பல்ல என்று இருக்கிறது. ராகு பற்றி இல்லை. மோதிரத்தை வாங்கி என் சட்டைப் பையில், விசில் கயிற்றுக்குப் பக்கத்தில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

சுண்ணாம்புக் கோடு பாதி மழையில் கரைந்துவிட்டது. ஆட்டம் கோலில்லாமல் ஊர்ந்து, கடைசிச் சில நிமிடங்களில் தூரத்திலிருந்து ஒருவன் உதைத்த பந்து தண்ணீர்க் குட்டையில் தத்தி, கோலியின் கைக்கு அடியில் வழுக்கி உள்ளே போனது. ஆஃப்சைடு இல்லை, ஃபவுல் இல்லை, நூறு ரெஃபரி வந்தாலும் கோல்தான்.

“ராகுவை ரெஃபரி பாக்கெட்டில் வைத்திருக்கிறார்!” என்று குடைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தோற்றவர்கள் ஜெயித்தவர்களோடு கைகலக்கப் போகிறார்கள் என்று நான் விசிலைப் பிடித்துக்கொண்டு ஓடினால், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே வட்டமாக என்னைப் பார்த்து நின்றது. நான் கோமேதகத்தைக் கழற்றியது அநியாயம் என்று ஜெயித்த அணியின் கேப்டனே எதிரணி கோலியின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான். இறால்காரரும் இலிஷ்காரரும் ஒரே கெட்டிலில் ஊற்றிய டீயைக் குடித்துக்கொண்டு என் ஜாதகத்தை அலசினார்கள். செக்ரட்டரி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, பீட்ரூட் போட்ட வெஜிடபிள் சாப் இரண்டும் கசுந்தி என்கிற கடுகுச் சட்னியும் கொடுத்தார். “முதல் தரமான ரெஃபரிங், மணி-தா. பத்து வருஷத்தில் அடிதடி இல்லாமல் முடிந்த ஃபைனல் இதுதான். அடுத்த வருஷமும் நீங்கதான்.”

மறு வருடம் ஜூலையில் போன் வந்தது. குரல் இழுத்தது.

“மணி-தா, ஒரு சின்னச் சிக்கல். உங்கள் நடுநிலை மேல் கமிட்டிக்குப் புகார் வந்திருக்கிறது.”

“புகாரா? பாண்டவர்களா?”

“இல்லை. உங்கள் பையன், செக்டர் ஃபைவில் வேலை பார்க்கிறானே, போன வாரம் சுந்தரவனத்துக்குப் படகில் இலிஷ் உற்சவத்துக்குப் போயிருக்கிறான். சாப்பிடுகிற மாதிரி போட்டோ இருக்கிறது. வீடியோவும் இருக்கிறது. கிளப் குரூப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். கடுகு போட்ட இலிஷ், மணி-தா. மோகன் பகான்காரர்கள் உங்களை ஏற்க முடியாது என்கிறார்கள்.”

போன வாரம் பையன் போனது ஆபீஸ் டிரெயினிங் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. சமையல்கட்டில் தாளிக்கும் சத்தம் நின்றது.

“என்னங்க, யாரு போன்ல? என்னமோ வீடியோன்னாரே, அதை எனக்கும் அனுப்பச் சொல்லுங்க.”