உப்பிட்ட மண்ணை உள்ளளவும் நினை!

கடலே இல்லாத ராஜபாளையத்துக்காரனுக்கு உவர்நிலத்தைப் பற்றி எதற்கய்யா பாடம்?
– வாசகர், ராஜபாளையம்

ராஜஸ்தானில் சாம்பர் ஏரிக்கும்தான் கடல் இல்லை! பெயரைக் கேட்டு இட்லியோடு கிளம்பிவிடாதீர்கள், அங்கே உப்பு ரொம்பத் தூக்கல். நாட்டின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரி. 1990-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஏரி மட்டுமல்ல, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் உள்நாட்டு உப்புப் புல்வெளிகளும் உண்டு; அவற்றைக் காக்க ஐரோப்பாவில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது.

ரசத்தில் ஒரு சிட்டிகை கூடினாலே நமக்கு ஆகாது. உப்பு மண்ணில் செடி எப்படிப் பிழைக்கிறது?
– வாசகி, ராஜபாளையம்

உமரிச் செடியைக் கேளுங்கள்! உறிஞ்சிய உப்பைத் தடித்த இலைக்குள் தண்ணீரோடு சேர்த்துப் பூட்டிவிடும். இலையைக் கிள்ளி நாக்கில் வையுங்கள், கரிக்கும்.

உவர்நிலத்தில் பூச்சிக்கு என்ன வேலை?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

குடும்பம் நடத்துகிற வேலை! உவர்மண்ணிலும் தழைக்கும் உகா மரத்தின் இலைதான் சிறு சால்மன் அராப் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குச் சாப்பாடு. உகா இல்லாத ஊரில் சங்கஞ்செடி சோறு போடும். இரண்டையும் வெட்டினால் புழு எங்கே போகும்?

எங்கள் ஊரில் அணிலுக்கே சரணாலயம் உண்டு. இன்னும் என்ன வேண்டும்?
– வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

சாம்பல் நிற அணிலுக்கு 1988-இல் சரணாலயம், புலிக்கு 2021-இல் காப்பகம். பெருமைதான்! பூச்சிக்கு யார் காவல்? 2019-இல் ‘தமிழ் மறவன்’ மாநில வண்ணத்துப்பூச்சி ஆனது. பட்டம் கொடுத்தால் போதாது, தின்ன இலையும் கொடுக்க வேண்டும். வேலியோரச் சங்கஞ்செடியை வெறும் முள் என்று வெட்டாதீர்கள். அரிவாளை எடுக்குமுன் இலையைப் புரட்டிப் பாருங்கள்.