மாட்டுக்கு எந்த வகுப்பு?

பாலில் தண்ணீர் கலந்தால் பிடித்துவிடுவார்கள். சொசைட்டியில் பால்மானி இருக்கிறது. கொழுப்பு பார்ப்பார்கள், இதர சத்து பார்ப்பார்கள், ஒரு புள்ளி குறைந்தால் காசைக் குறைப்பார்கள். சரி. கலப்படமே இல்லாத பாலிலும் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். மாடு குடித்த தண்ணீர். அதை எந்தக் குட்டையில் குடித்தது என்று எந்தப் பால்மானியும் கேட்டதில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை அவற்றின் பயன்பாட்டை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. ஏ, கிருமி நீக்கி மனிதர் குடிக்க. பி, குளிக்க. சி, சுத்திகரித்துக் குடிக்க. டி, மீனுக்கும் வனவிலங்குக்கும். இ, பாசனத்துக்கும், ஆலையில் சூடு தணிக்கவும், கட்டுப்பாட்டோடு கழிவு விடவும். புலிக்கு இடம் உண்டு. கெண்டைக்கு உண்டு. கழிவுக்கே உண்டு. வீட்டு மாட்டின் பெயர் எங்கும் இல்லை. தெய்வமாயிற்றே, பட்டியலில் சேர்த்தால் குற்றமாகிவிடும் என்று தயங்கினார்களோ என்னவோ.

கழிவு வகுப்பை மட்டும் நாம் பக்தியோடு பின்பற்றுகிறோம், கட்டுப்பாடு என்ற சொல்லை நீக்கிவிட்டு. பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டி 1992ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயத்தண்ணீரின் தொட்டியானது. சாயப்பட்டறைகளை மூடு என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2011ல். இடைப்பட்ட காலமெல்லாம் அந்தக் கரை மாடுகள் மினரல் வாட்டரா குடித்தன?

அணை வேண்டாம், உங்கள் ஊர்க் குட்டைக்கே போங்கள். மாடு இறங்கும் துறையில் நில்லுங்கள். காற்று ஒதுக்கிய பச்சைப் படலம் கரையோரம் தடித்துக் கிடக்கும். மாடு மூக்கால் அதை விலக்கிவிட்டுக் குடிக்கும். பக்கத்தில் ஒருவர் மருந்தடித்த ஸ்பிரேயரை அலசிக்கொண்டிருப்பார். சற்றுத் தள்ளி, இரவோடு இரவாக வீசிய கோழிக்கழிவு மூட்டை, வாய் பிரிந்து. தெருச் சாக்கடையும் வயல் உரமும் வந்து சேர்வது அங்கேதான். பாசிக்கு அதுதான் தீனி. நீலப்பச்சைப் பாசிகளில் சில ஈரலைக் கெடுக்கும், சில நரம்பைத் தாக்கும். நஞ்சு மிகுந்தால் குடித்த மாடு சில மணி நேரத்தில் விழும். இது புதுச் செய்தியும் இல்லை. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் ஆடும் குதிரையும் இப்படிச் செத்ததை 'நேச்சர்' இதழ் 1878லேயே வெளியிட்டது. கோப்பு நம் மேஜைக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

2022ல் அம்ருத் சரோவர் வந்தது. மாவட்டத்துக்கு 75 குளம். பரப்பு ஒரு ஏக்கர், கொள்ளளவு 10,000 கன மீட்டர், ஆகஸ்ட் 15 அன்று கரையில் கொடியேற்றம். ஏக்கரை அளந்தார்கள், கன மீட்டரை அளந்தார்கள், கொடிக்கம்பத்தைக்கூட அளந்திருப்பார்கள். இந்தத் தண்ணீர் மாட்டுக்கு ஆகுமா என்று அளந்து, அதைக் கரையில் எழுதி வைத்த ஒரு குளத்தை எனக்குக் காட்டுங்கள்.

சுத்தமான தண்ணீர் கொடுங்கள் என்று நமக்கு அறிவுரை மட்டும் குறைவில்லை. கறவை மாடு கோடையில் நாளுக்கு 60 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். ஜல் ஜீவன் குழாயின் கணக்கோ ஆளுக்கு 55 லிட்டர். மாடு குடித்தால் வீட்டில் ஒருவராவது குளிக்காமல், குடிக்காமல் இருக்க வேண்டும். 2011ல் விலையில்லா கறவை மாடு தந்தார்கள். கயிற்றைப் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அது எங்கே போய்க் குடிக்கும் என்று அந்தப் படத்தில் இருந்த யாரும் கேட்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லியே மாட்டுக்காரனுக்குத் தண்ணி காட்டுகிறார்கள்.

காதில் 12 இலக்க எண்ணோடு டேக் மட்டும் தவறாமல் குத்துகிறார்கள். மாடு செத்து, இன்சூரன்ஸ் கேட்டுப் போனால் முதல் கேள்வி அதுதான். டேக் இல்லையா, பணமும் இல்லை. செத்த மாடு குடித்த குட்டைத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று கேட்டுப் பாருங்கள். குட்டைக்கு டேக் இருக்கிறதா என்பார்கள்.